தலைவர் தைத்த திரை

வீட்டில் தலைவருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: மாவு மூட்டையைப் பிரிப்பது. மூட்டை வந்து இறங்கியதும் அவர் மனைவி சமையலறையிலிருந்து, "ஏங்க, மூட்டை வந்தாச்சு" என்று குரல் கொடுப்பாள். எவ்வளவு முக்கியமான காரியத்தில் இருந்தாலும் (பெரும்பாலும் முக்கியமான காரியம் என்று எதுவும் இருக்காது) அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வருவார். மூட்டையின் வாயில் ஓடும் தையலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பார்வை பார்ப்பார். எந்தக் கோடியில் எந்த நூலைப் பிடிப்பது என்பதில்தான் சூட்சுமம். தப்பான நூலை இழுத்தால் தையல் இறுகிக்கொள்ளும். அப்புறம் கத்தி, கத்தரி, கெட்ட வார்த்தை என்று காரியம் வளர்ந்துவிடும். தலைவர் சரியான நூலைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழு இழுப்பார். ட்ர்ர்ர்ர். மூட்டை வாயைப் பிளந்துவிடும்.

"பார்த்தியா?" என்பார்.

"பார்த்தேன், பார்த்தேன். மூட்டை பிரிக்கிறதுக்குன்னு ஒரு இலாகா இருந்திருந்தா நீங்க டைரக்டராவே ரிடையர் ஆகியிருக்கலாம்" என்பாள் அவள்.

அவர் துணை இயக்குநராக ஓய்வு பெற்றவர். அந்தத் 'துணை' என்ற சொல் சர்வீஸ் முழுக்கச் செருப்புக்குள் போன சின்னக் கல் மாதிரி அவரை உறுத்திக்கொண்டே வந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் காலை, சாப்பாட்டு மேஜையில் காலியான டீ தம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, மணியடிக்க விரலை நீட்டியவர் அவர். அங்கே மணி இல்லை. அடித்தாலும் வருவதற்கு ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள், "தம்ளரைக் கழுவிட்டு வைங்க" என்றாள்.

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் பதவி கிடைத்தபிறகுதான் அவருக்கு மூச்சே சீரானது. வாசலில் காவல்காரர் எழுந்து நின்றார். லிப்டில் ஏறினால் மற்றவர்கள் ஓரம் ஒதுங்கினார்கள். முக்கியமாக, சங்க அறையில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அது தலைவருடையது. மற்றவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இவர் இரண்டு முழங்கைகளையும் கைப்பிடியில் ஊன்றி, விரல்களைக் கோபுரம் போலச் சேர்த்து வைத்துக்கொண்டு, "பரிசீலிக்கலாம்" என்பார். அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு இடம் இல்லாமல் போனால் தான் என்ன ஆவோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த நாற்காலிக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்திருந்தது. ஆபத்தின் பெயர் பல் டாக்டர்.

பல் டாக்டர் எதிர் பிளாக்கில் இருந்தார். சிரித்தால் அத்தனை பல்லும் தெரியும். அது சிரிப்பா விளம்பரமா என்று சொல்லமுடியாது. ஆண்டு விழாவில் நடக்கும் தலைவர் தேர்தலுக்குத் தானும் நிற்பதாக அவர் சொன்னதைக்கூடத் தலைவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் இருந்த அந்த மெஷினைத்தான் பொறுக்க முடியவில்லை. பழைய காலத்துத் தையல் மெஷின். காலால் மிதிக்கும் இரும்புச் சட்டத்தின் மேல் கண்ணாடி போட்டு மேஜையாக்கி, தலைப்பாகத்துக்குத் தங்க வர்ணம் அடித்து, ஊசி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கொடியைப் படரவிட்டிருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம், "என்ன ரசனை, என்ன ரசனை!" என்று நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.

"ரசனையா? பொணத்துக்குப் பொட்டு வச்ச மாதிரி இருக்கு" என்றார் தலைவர் வீட்டில். "மெஷின்னா தைக்கணும். தைக்காத மெஷின் என்ன மெஷின்?"

"நீங்க தைப்பீங்களா?" என்றாள் மனைவி.

கேள்வியோடு அது முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரமே செயற்குழு கூடியது. கூடத்தில் புதிதாகக் கட்டிய மேடைக்கு ஒரு திரை வேண்டும் என்று பேச்சு வந்தது. "ரெடிமேடா வாங்கிடலாமே" என்றார் டாக்டர், பல்லெல்லாம் தெரிய. அந்தப் பல் வரிசையைப் பார்த்ததும் தலைவருக்குள் ஏதோ புரண்டது. கோபுர விரல்களைப் பிரித்தார்.

"தேவையில்ல. திரையை நானே தைக்கிறேன். நூறு வருஷத்துப் பழைய மெஷின்ல. என் கையால."

எல்லாரும் கைதட்டினார்கள். சட்டைப் பொத்தான் ஒன்றைக்கூடத் தன் கையால் தைத்தறியாத தலைவர், கைதட்டல் அடங்கும்வரை தலையைப் பணிவாகக் குனிந்திருந்தார். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது, மெஷினும் இல்லை என்பது.

மறுநாள் மச்சினனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போனார். மச்சினன் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தான். கல்யாணம், கருமாதி, கடைத் திறப்பு எதுவானாலும் ஆள் உயரத்துக்கு அச்சடித்துக் கட்டிவிடுவான் என்பதால் எல்லாருக்கும் அவன் 'பேனர்'. கூடப்பிறந்த அக்காவே அவனை அப்படித்தான் கூப்பிட்டாள்.

கடையில் தையல் மெஷின்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றின் தலையிலும் கைவைத்து, பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணின் பெருமையைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இது ஒரு ராஜ குடும்பத்துல இருந்தது சார். ராணியோட ராத்திரி உடுப்பெல்லாம் இதுலதான். இது கவர்னர் பங்களா. இதுல தைச்ச கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் அவர் படத்துக்கே உட்கார்ந்தாரு. இது கப்பல்ல வந்தது. கப்பல் முழுகிடுச்சு, மெஷின் மட்டும் மிதந்து வந்துச்சு."

"இரும்பு மெஷினா?" என்றான் பேனர்.

"அந்தக் காலத்து இரும்பு தம்பி."

"ஏங்க, சாதாரண ஜனங்க தைச்ச மெஷின் ஒண்ணும் இல்லையா?"

"உள்ளே கெடக்கு. விலையும் கம்மி." கடைக்காரர் தலைவரை மேலும் கீழும் பார்த்தார். "சாருக்குச் சரிப்படாது."

தலைவருக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போயிற்று.

ராணி மெஷினில் உட்காரவைத்தார்கள். பெடலை மிதித்தார். சக்கரம் சர்ரென்று பின்பக்கமாகச் சுற்றி, நூல் பட்டென்று அறுந்தது. மறுபடி மிதித்தார். மறுபடி பின்னால்.

"முதல் மிதி எல்லாருக்கும் ரிவர்ஸ்லதான் போகும் சார். சக்கரத்தைக் கையால முன்னாடி தள்ளிவிட்டுட்டு மிதிக்கணும்."

"பழைய மெஷின் இல்லையா அத்தான், பழைய காலத்தைப் பார்த்துப் போகுது" என்றான் பேனர்.

ஒருவழியாக முன்னால் போயிற்று. நாலு அங்குலம் தைத்ததும் நின்றது. துணியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சிக்கு. அடிநூல் சுற்றிய பாபினில் கோளாறாம். அதைக் கழற்றியபோது அது கைதவறி விழுந்து, உருண்டு, பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"அடியில எதுக்கு இன்னொரு நூல்?" என்றார் தலைவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "மேல ஒருத்தன் ஒழுங்கா வேலை செய்யறப்போ, கண்ணுக்குத் தெரியாம கீழ ஒருத்தன் உட்கார்ந்துக்கிட்டுச் சிக்கல் பண்றான். என் சர்வீஸ் முழுக்க இதே கதைதான்."

கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். உள்ளே போய், இரண்டு கையாலும் அணைத்தபடி சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கறுப்பு உடம்பு. அதில் தேய்ந்தும் தேயாத பொன்னிறப் பூக்கள். பக்கத்தில் ஒரு கைப்பிடி.

"இதுல அடிநூலே கிடையாது சார். பாபினே இல்ல. ஒரே நூல். கைப்பிடியைச் சுத்தினாப் போதும்."

தலைவர் சுற்றினார். டிக்டிக்டிக்கென்று ஊசி ஓடியது. துணியின் மேல்பக்கம் எறும்பு வரிசைபோல ஒழுங்கான தையல். அடிப்பக்கம் கண்ணிக்குள் கண்ணி கோத்து, நகைச் சங்கிலி மாதிரி ஓடியது. சிக்கல் இல்லை. கீழே ஆளே இல்லை. மேலேயிருந்து ஒருவர் சுற்றினால் எல்லாம் நடந்தது. தான் கனவு கண்ட அலுவலகத்தை அவர் அந்த மெஷினில் கண்டார்.

விலையைக் கேட்டதும் பேனருக்கு இருமல் வந்தது. தலைவருக்கு வரவில்லை.

காரைக் கிளப்பும்போது கடைக்காரர் ஓடிவந்து சன்னலில் குனிந்தார். "சார், ஒரே ஒரு விஷயம். தைச்சு முடிக்கிற எடத்துல, கடைசிக் கண்ணிக்குள்ள நூலை விட்டு இழுத்து—"

"எல்லாம் தெரியும்" என்று தலைவர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அன்றைக்கு அந்த மனிதர் பேசியதிலேயே உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். அதிலும் பாதிதான் உள்ளே வந்து சேர்ந்தது.

மெஷின் சாப்பாட்டு மேஜையில் குடியேறியது. அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எல்லாரும் என்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். தினமும் காலையில் அவர் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, மெத்தென்ற துணியால் துடைத்து, பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து, குடியிருப்போரின் கைப்பேசிக் குழுவில் போடுவார்: "பாரம்பரியத்தோடு ஒரு காலை."

"ரெண்டு நாளாத் தண்ணி மோட்டார் ஓடலைன்னு அதே குழுவுல கத்திக்கிட்டிருக்காங்க. அதுக்குப் பதில் போடுங்க" என்றாள் மனைவி.

அவர் பதில் போட்டார். வேறு கோணத்தில் எடுத்த மெஷின் படம்.

"தலைகாணி உறை ஒண்ணு ஓரம் விட்டுப்போச்சு. அதைத் தைச்சுக் கொடுங்களேன், கை பழகின மாதிரியும் இருக்கும்."

"நூறு வருஷத்து மெஷின்ல தலைகாணி உறையா? பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசி."

தலையணை உறையை மட்டும் தைத்து ஒரு தடவை துவைத்திருந்தால், இந்தக் கதை இங்கேயே முடிந்து எல்லாரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

திரைத் துணி வந்தது. கருஞ்சிவப்பில், பளபளவென்று, தொட்டால் வழுக்கும் துணி. அகலம் அகலமாக வெட்டிய பட்டைகளை நீளவாக்கில் ஒன்றோடொன்று சேர்க்கவேண்டும். மேலே கம்பி நுழைய ஒரு மடிப்பு, கீழே ஓரம் அடிக்க ஒரு மடிப்பு. வேறு யாராக இருந்தாலும் ஒரு தையலை முடித்து நூலை வெட்டிவிட்டு அடுத்ததை ஆரம்பித்திருப்பார்கள். தலைவருக்குக் கைப்பிடியை நிறுத்த மனம் வரவில்லை. மேல்மடிப்பில் தொடங்கி, மூலையில் திருப்பி, கீழே இறங்கி, அப்படியே வளைத்து மேலே ஏறி, மறுபடி இறங்கி, கடைசியில் கீழ்மடிப்பை ஒரு முழு ஓட்டம் ஓடி, மொத்தத் திரையையும் ஒரே நூலில், நடுவில் ஒரு இடத்திலும் வெட்டாமல் தைத்துவிட்டார்.

"என் சர்வீஸ் மாதிரி. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பிரேக்கே கிடையாது" என்றார்.

துணியைத் தாங்கிப் பிடித்துப் பிடித்துத் தோள் விட்டுப்போயிருந்த மனைவி, திரையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். சங்கிலி சங்கிலியாக ஓடிய தையலை உற்றுப் பார்த்தாள்.

"இந்தத் தையலை நான் எங்கேயோ பார்த்திருக்கேங்க."

"மியூசியத்துல பார்த்திருப்பே."

"நான் எந்த மியூசியத்தைக் கண்டேன்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க என்னை எங்க கூட்டிட்டுப் போயிருக்கீங்க?"

"போன வருஷம்கூட—"

"அது உங்க பென்ஷன் ஆபீஸ்."

பேச்சு அந்தப் பக்கம் திரும்பி, கூட்டிப்போகாத இடங்கள் ஒவ்வொன்றாக வந்து, அவள் தங்கை போய்வந்த இடங்களும் வரிசையில் சேர்ந்து, தையல் மறந்தே போயிற்று.

கீழ் மூலையில் நூலின் கடைசி நுனி ஒரு சாண் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பேனர் கத்தரியை எடுத்தான்.

"விடு மாப்ளே. தொங்கட்டும். கையால தைச்சதுன்னு நாலு பேருக்குத் தெரியணும்" என்றார் தலைவர்.

பேனர் கத்தரியை வைத்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தான். "அத்தான், நீங்க ஜெயிச்சப்புறம் வாழ்த்து பேனர் அடிக்கச் சொன்னீங்கன்னா ஒரு நாள் ஆகும். அதுக்குள்ள விழா முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. இப்பவே அடிச்சு மேடைப் பின் சுவத்துல கட்டிடறேன். ஓட்டெடுப்பு திரைக்கு முன்னாடி நடக்கட்டும். கை தூக்கி முடிச்சதும் திரையை இழுத்துத் திறக்கறோம். உள்ள ஜகஜ்ஜோதியா பேனர். அதுக்குக் கீழ சிறப்பு விருந்தினர். ஜனங்க வாயைப் பிளந்துடுவாங்க."

தலைவர் முகத்தைச் சுளித்தார். "சேச்சே. ஓட்டே போடல. இதெல்லாம் முறையில்ல." சிறிது நேரம் மெஷினைத் துடைத்தார். "எவ்வளவு பெரிசு வரும்?"

"சுவர் பூரா."

"படம் எதைப் போடுவே?"

"நீங்க கொடுக்கறதைத்தான்."

தலையில் முடி இருந்த காலத்துப் படம் ஒன்றை அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். "சரி, ஒருவேளை தோத்துட்டா?"

"தோத்துட்டா திரையைத் திறக்கவே வேணாம். கயிறு மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடலாம்."

ஆக, நாற்காலி, மானம், கோபுர விரல்கள் எல்லாமே அந்தத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன.

விழா நாளன்று கூடம் நிறைந்திருந்தது. மூடிய திரை விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தது. சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வு பெற்ற நீதிபதியைப் பின்பக்கமாக அழைத்துப்போய், பேனருக்குக் கீழே சோபாவில் உட்காரவைத்து, "திரை திறக்கிற வரைக்கும் அசையாம இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான் பேனர். திரைக்கு முன்னால் மைக். அதற்கு இரண்டு பக்கமும் வேட்பாளர்களுக்கு ஒவ்வொரு நாற்காலி. டாக்டருடைய நாற்காலி திரையின் கீழ்மூலையை ஒட்டி இருந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். எப்போதும்போலத் தன்னைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று சொல்லித் தன்னைப் பற்றி ஆரம்பித்தார். கடைக்கண்ணில் டாக்டர் தெரிந்தார். டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து, தன் முழங்காலுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டராகவே நரைத்துப்போன மனிதர். தொங்குகிற எதையும், ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாது. விரல் தானாகப் போயிற்று.

"இந்தத் திரையைப் பாருங்க" என்றார் தலைவர். "இதுல எத்தனை துணி இருக்கு! ஆனா நூல் ஒண்ணுதான். நம்ம குடியிருப்பு மாதிரி. நாம எத்தனை குடும்பமா இருந்தாலும்—"

ட்ர்ர்ர்ர்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறெந்தச் சத்தத்தை அவர் அடையாளம் காணாமல் போனாலும் இதைத் தூக்கத்திலும் சொல்லிவிடுவார். சமையலறைத் தரையில், மூட்டை மூட்டையாக, வருஷக்கணக்காகத் தன் கையாலேயே எழுப்பிய சத்தம். கடைக்காரர் கார்ச் சன்னலில் குனிந்து சொன்ன அந்தப் பாதி வாக்கியத்தின் மீதி, இப்போது யாரும் சொல்லாமலே அவர் காதில் வந்து முடிந்தது. சரியான கோடி. சரியான நூல். ஆள் மட்டும் வேறு.

திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. நாக்கு மட்டும் தயாரித்து வைத்த பாதையில் போய்க்கொண்டிருந்தது. "...எத்தனை குடும்பமா இருந்தாலும், நம்மளை யாரும் பிரிக்க..."

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்.

டாக்டர் பாவம், நிறுத்தத்தான் பார்த்தார். அறுத்துவிடலாம் என்று இழுத்தார். அறுபடவில்லை, வந்தது. வந்ததை மறைக்கக் கையில் சுற்றினார். சுற்றச் சுற்ற இன்னும் வந்தது. கீழ்மடிப்பு அவிழ்ந்தது. முதல் பட்டை விலகியது. மின்விசிறிக் காற்றில் அது ஒருபக்கம் பறக்க, இழுபட்ட நூல் கீழிருந்து மேலே ஏறி, மேலிருந்து கீழே இறங்கி, தலைவர் போன வழியெல்லாம் திரும்பப் போயிற்று. கூட்டம் வாயைப் பிளந்தது. பேனர் சொன்னது அந்த அளவுக்குப் பலித்தது. கடைசியாக மேல்மடிப்பு கம்பியைக் கைவிட்டது. கருஞ்சிவப்புத் துணி மொத்தமும் மெத்தென்று இறங்கி, அதில் ஒரு பட்டை தலைவரின் தலைமேல் விழுந்து மைக்கோடு சேர்த்து அவரை மூடியது.

துணிக்குள் இருந்தபடியே அவருக்கு எல்லாம் கேட்டது. முதலில் குறட்டை. நீதிபதி, தன்னை அசையாமல் இருக்கச் சொன்னதை முழுமனதோடு நிறைவேற்றிக்கொண்டிருந்தார். பிறகு, முன்வரிசையில் யாரோ எழுத்துக்கூட்டிப் படிக்கும் குரல்: "மீண்டும்... தலைவராக... ஏகமனதாகத்... தேர்ந்தெடுக்கப்பட்ட..."

"ஏகமனதாவா? இன்னும் ஓட்டே போடலையே!"

"யாருய்யா இந்தப் படத்துல இருக்கிற பையன்?"

"தலைவர்தான்யா. பழைய மாடல்."

தலைவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். டாக்டர் எழுந்து நின்றிருந்தார். அடிபட்டுக் கட்டுப்போட்டதுபோல வலது கை முழுக்க நூல்.

"நான் ஒண்ணும் பண்ணல. தொங்கிக்கிட்டு இருந்துச்சு. லேசாத்தான் தொட்டேன்" என்றார் அவர்.

"என் கடைவாய்ப் பல்லையும் இப்படித்தான் லேசாத் தொட்டீங்க" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. கூடம் குலுங்கியது. டாக்டரின் சிரிப்பு முதல்முறையாக உதட்டுக்குள் போயிற்று.

"நூறு வருஷத்துத் திரையைக் கிழிச்சுட்டாரே!" என்றார் இன்னொருவர். மெஷினுக்குத்தான் நூறு, திரைக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று யாரும் திருத்தவில்லை.

தப்பு தையலில் என்பது தலைவருக்குத் தெரியும். ஒரு வரி சொன்னால் போதும். சொல்ல வாயையும் திறந்தார். அப்போது முன்வரிசையில் மனைவி கண்ணில் பட்டாள். டாக்டர் கையிலிருந்த நூலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மெல்ல இரண்டு விரலைச் சேர்த்து, காற்றில் வெடுக்கென்று ஒரு இழு இழுத்துக் காட்டினாள். அந்தத் தையலை எங்கே பார்த்தோம் என்று அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

தலைவர் வாயை மூடிக்கொண்டார்.

கூச்சல் ஏறியது. ஓட்டுக்கு முன்னால் பேனர் கட்டியது அராஜகம் என்றார்கள் சிலர். திரையைப் பிடுங்கியது அராஜகம் என்றார்கள் சிலர். யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல் தராசு ஆடிக்கொண்டிருந்தபோது, சங்கப் பொருளாளர் எழுந்தார். சங்கத்துக்கு வந்த கவரைக்கூடத் திருப்பி மடித்து மறுபடி பயன்படுத்துகிறவர் அவர். பேனரை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கண்ணாலேயே அளந்தார்.

"முறையில்லதான். ஒத்துக்கறேன். ஆனா அடிச்சாச்சு. பெரிசா வேற அடிச்சாச்சு. படம் போட்டு அடிச்சதை வேற ஆளுக்கு மாத்தவும் முடியாது. வீணாக்கணுமா?"

கூட்டம் யோசித்தது. வெறும் காகிதம் இல்லை, நல்ல தடிமனான பேனர். மழைக்கு ஸ்கூட்டர்கள் மேல் போர்த்தலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவையாவது அது சொல்லும் விஷயம் நடந்திருக்கவேண்டாமா?

"டீ ஆறிப்போகுதுப்பா" என்றது ஒரு குரல்.

கைகள் உயர்ந்தன. சில கைகள் தலைவருக்கு, சில கைகள் பேனருக்கு, மிச்சம் டீக்கு. பொருளாளர் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. சத்தத்தில் விழித்துக்கொண்ட நீதிபதியும், எதிரே எல்லாரும் தூக்கியிருப்பதைப் பார்த்துத் தானும் ஒரு கையைத் தூக்கினார். கடைசியில் டாக்டரும் தூக்கினார், நூல் சுற்றிய கையை.

"ஏகமனதாக!" என்றார் பொருளாளர் நிறைவோடு. பேனரில் ஒரு எழுத்துக்கூட வீணாகவில்லை.

கைதட்டல் முடியும் முன்பே டாக்டர் மைக்கிடம் வந்தார். "என்னாலதான் திரை போச்சு. அதுக்கு நான் பிராயச்சித்தம் பண்ணணும். துணி, நூல் எல்லாம் நான் வாங்கித் தர்றேன். தலைவர் அதே மெஷின்ல, அதே மாதிரி, அதே கையால இன்னொரு திரை தைச்சுத் தரணும். அடுத்த மாசம் நாமெல்லாம் கூடி அதைத் திறந்து வைக்கணும். நான் கையைக் கட்டிக்கிட்டு உட்காருவேன்னு உறுதி சொல்றேன்."

இடி முழங்குவதுபோலத் தட்டினார்கள். தலைவர் பணிவாகத் தலையைக் குனிந்தார். இந்தமுறை பணிவு கொஞ்சம் நிஜமாகவே இருந்தது.

இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். லிப்டில் ஏறிக் கதவு மூடியபிறகு மனைவி கேட்டாள்: "டாக்டர் பாவம் இல்ல?"

"அவருக்கு எதுக்கு அடுத்தவங்க நூலு?"

"அதுவும் சரிதான். அடுத்த திரைக்காவது கடைசியில முடிச்சுப் போடுவீங்களா?"

தலைவர் லிப்டின் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பரிசீலிக்கலாம்" என்றார்.

ஒரு வாரம் கழிந்து டாக்டர் அனுப்பிய துணி வந்தது. தலைவர் சாப்பாட்டு மேஜையில் மெஷினை வைத்துக்கொண்டு, கந்தல் துண்டுகளில் கடைசிக் கண்ணியை முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். பத்து துண்டு தைத்து பத்தையும் இழுத்துப் பார்த்தார். பத்தும் அவிழ்ந்தன. கடைக்காரரைப் போய்க் கேட்கலாம். ஆனால் எல்லாம் தெரியும் என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தவர், எந்தக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போவது?

வாசலில் மூட்டை வந்து இறங்கும் சத்தம் கேட்டது. அவர் கைப்பிடியை நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கூப்பிடும் குரலுக்காகக் காத்திருந்தார்.

குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து, நறுக்கென்று, தடங்கலே இல்லாமல் ஒரே ஓட்டமாகக் கேட்டது.

ட்ர்ர்ர்ர்.

"பார்த்தீங்களா?" என்றாள் அவள்.